வினையால் அமையும் பெயர்

தாம்பரம், குரோம்பேட்டைச் சுவர்களில் விளம்பரம் தீட்டியோர், ஓரத்தில் தம் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்து எழுதுவது வழக்கம். பின்னர் நெகிழிப் பதாகை வந்தது. தூரிகையின் இடத்தைக் கணினி பெற்றது. கணினியில் வரைவோர் பலர் இன்று தம்மை 'டிஜிட்டல் ஓவியர்' என்கின்றனர். இப்பெயர் கருவியை உணர்த்துமேயன்றிச் செய்யும் வேலையை உணர்த்தாது. 'தூரிகை ஓவியர்' என்று எவரேனும் தம்மை அழைத்துக்கொண்டதுண்டா?

மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்னும். காண்போர் கண்ணில் தம் தொழிலை நிறுத்துவோர் என்று நச்சினார்க்கினியர் அதற்கு உரை காண்பார். அப்பெயரில் கோலும் இல்லை, வண்ணமும் இல்லை, வினையே நிற்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள நிறுவனங்களில் வேலை தேடுவோர்க்கு இது சொல்லாராய்ச்சி அன்று, ஊதியம் பற்றியது. செயலியின் திரையை வடிவமைத்தல், திரைப்படக் காட்சிகளை முன்கூட்டியே வரைந்து காட்டுதல், முப்பரிமாண உருவம் சமைத்தல் ஆகியவை வெவ்வேறு பயிற்சிகளை வேண்டுவன. பொதுப்பெயரோடு செல்பவர் தலையில் இவை அனைத்தையும் ஒரே சம்பளத்தில் சுமத்துவது எளிது. ஆகவே, விண்ணப்பத்தில் வேலையின் பெயரையே எழுதுதல் வேண்டும்.

தமக்கென வரையும்போது மட்டும் 'கலைஞர்' என்னும் பொதுப்பெயர் பொருந்தும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் குடியேறிய ஓவியர்களும் சிற்பிகளும் பிழைப்புக்காகப் பாத்திக் துணிகளைச் செய்து விற்றனர். அவர்கள் தம் குடியிருப்புக்கு இட்ட பெயரோ, சோழமண்டலக் கலைஞர் கிராமம்.