மந்திரக்காரிக்கு ஒரு பாயின்ட் போதும்

டயாப்லோ 2 ஆடுகிற ஒருவரிடம் அவருடைய சோர்சரஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். "பிளிசார்ட் டேமேஜ் இவ்வளவு ஆயிரம்" என்றுதான் பதில் வரும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் சம்பளத்தைச் சொல்வார்களே, அந்த மாதிரி. அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஹெல் கட்டத்தில் அந்த மந்திரக்காரி பிழைப்பாளா, கூட ஆடுகிறவர்களுக்கு உபயோகப்படுவாளா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது அவள் ஒரே ஒரு பாயின்ட் போட்டு வைத்திருக்கும் நாலைந்து ஸ்கில்கள்.

தெரியாதவர்களுக்கு அடிப்படை. சோர்சரஸுக்கு மொத்தம் 30 ஸ்கில்கள். நெருப்பு, மின்னல், குளிர் என்று மூன்று கிளை, கிளைக்குப் பத்து. லெவல் ஒன்று ஏறினால் ஒரு பாயின்ட். ஒரு ஸ்கில்லில் அதிகபட்சம் 20 பாயின்ட் போடலாம். 99ம் லெவல் வரை போனால் 98 பாயின்ட். இதோடு டென் ஆஃப் ஈவில், ராடமென்ட், இசுவல் என்ற மூன்று வேலைகளை முடித்தால் நாலு பாயின்ட். நார்மல், நைட்மேர், ஹெல் மூன்றிலும் அவற்றை முடித்தால் 12. ஆக மொத்தம் 110. கேட்க நிறைய மாதிரி இருக்கும். மாதக் கடைசியில்தான் தெரியும் சம்பளம் எவ்வளவு சின்னது என்று.

2000ல் இந்த கேம் வந்தபோது போட்ட பாயின்ட்டைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. ஆசைப்பட்டு இன்ஃபெர்னோவில் எட்டுப் பாயின்ட் போட்டவர் அதோடு வாழ வேண்டும், இல்லாவிட்டால் அவளை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக வளர்த்த பாத்திரம் அது. இதற்குப் பயந்து பலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நல்ல ஸ்கில்கள் எல்லாம் 24, 30 லெவலில்தான் திறக்கும். அதுவரை கிடைக்கிற பாயின்ட்டைச் செலவே செய்யாமல் உண்டியலில் போடுவது! கையில் இருபது பாயின்ட் சும்மா கிடக்க, அரைகுறை ஐஸ் போல்ட்டை வைத்துக்கொண்டு மூன்று ஆக்ட் தட்டுத்தடுமாறி நடந்தார்கள். விளையாட்டில்கூட இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்க வேண்டுமா?

2003ல் வந்த 1.10 பேட்ச் இதற்கு ஒரு மருந்து கொடுத்தது. பெயர் சினெர்ஜி. கீழே உள்ள சின்ன ஸ்கில்லில் போட்ட பாயின்ட் மேலே உள்ள பெரிய ஸ்கில்லுக்குப் பலம் சேர்க்கும். ஐஸ் போல்ட், ஐஸ் பிளாஸ்ட், கிளேஷியல் ஸ்பைக் மூன்றிலும் போடுகிற ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பிளிசார்டின் டேமேஜ் 5 சதவீதம் கூடும். (கம்பெனியின் பெயரும் பிளிசார்ட்தான். தன் பெயரை வைத்த மந்திரத்தைச் சோப்ளாங்கியாக விட மனசு வராது போல!) ஆரம்பத்தில் செய்த செலவு வீணாகவில்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் மருந்துக்கும் ஒரு பக்க விளைவு இருந்தது. நாலு ஸ்கில்லையும் நிரப்பினால் 80 பாயின்ட் காலி. மந்திரக்காரி ஒரே கடையில் எல்லாப் பணத்தையும் போட்டவள் ஆகிவிட்டாள்.

ஹெல் கட்டத்தில் அந்தக் கடை பல தெருக்களில் திறந்தே இருக்காது. அங்கே பல பூதங்களுக்கு ஏதாவது ஒரு தாக்குதல் துளியும் ஏறாது. நெருப்பை மட்டும் நம்பி வந்தவள் கேயாஸ் சாங்க்சுவரியில் வெனம் லார்டைப் பார்த்ததும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், ஏனென்றால் அதற்கு நெருப்பு குளித்து எழுகிற தண்ணீர் மாதிரி. மின்னலை நம்பியவளுக்கு பர்னிங் சோல் என்கிற மிதக்கும் ஆவிகள். மின்னல் அவற்றைத் தொடாது, ஆனால் அவை விடுகிற மின்னல் அவளை ஒரே நிமிஷத்தில் முடித்துவிடும். டேமேஜ் எவ்வளவு ஆயிரம் இருந்தால் என்ன, பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்.

இனி ஒரு வரவு செலவுக் கணக்கு. 80ம் லெவலில் இருக்கிற, பன்னிரண்டு பரிசுப் பாயின்ட்டும் வாங்கிவிட்ட ஒரு சோர்சரஸின் கையில் இருப்பது 79ம் 12ம், ஆக 91. ஃப்ரோசன் ஆர்பில் 20. அதற்கு வழிவிடும் ஐஸ் போல்ட், ஐஸ் பிளாஸ்ட், கிளேஷியல் ஸ்பைக், ஃப்ராஸ்ட் நோவா, பிளிசார்ட் ஐந்துக்கும் ஒவ்வொன்று. ஃபயர் பாலில் 20, மீட்டியாரில் 20. அவற்றுக்கு வழிவிட ஃபயர் போல்ட், இன்ஃபெர்னோ, பிளேஸ், ஃபயர் வால், ஒவ்வொன்று. இதுவரை 69. டெலிகினெசிஸ் ஒன்று, டெலிபோர்ட் ஒன்று, ஸ்டேட்டிக் ஃபீல்ட் ஒன்று, வார்ம்த் ஒன்று, ஃப்ரோசன் ஆர்மர் ஒன்று. 74. மிச்சம் 17 பாயின்ட். அதைக் கோல்ட் மாஸ்டரிக்கும் ஃபயர் மாஸ்டரிக்கும் பிரித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு மாஸ்டரிக்கும் முன்னால் எதையும் எடுக்க வேண்டியதில்லை, 30ம் லெவல் போதும். கோல்ட் மாஸ்டரி மற்ற இரண்டு மாஸ்டரி மாதிரி இல்லை. அது டேமேஜைக் கூட்டுவதில்லை, எதிரியின் குளிர் தாங்கும் சக்தியைக் குறைக்கிறது.

இந்த 91ல் எந்தப் பாயின்ட்டுக்கு வருமானம் அதிகம்? 69ஐ விழுங்கிய பெரிய மனிதர்களுக்கு இல்லை. வரிசையில் கடைசியில் ஒவ்வொன்றாக வந்த அந்த ஐந்துக்குத்தான்.

ஸ்டேட்டிக் ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். சுற்றி நிற்கிற எதிரிகளின் அந்த நேரத்து உயிரில் நாலில் ஒரு பங்கை அது எடுத்துவிடும். 100 இருந்தால் முதல் தடவை 75 ஆகும், இரண்டாவது தடவை 56, மூன்றாவது தடவை 42. எவ்வளவு பாயின்ட் போட்டாலும் இந்தப் பங்கு மாறாது. வட்டம் மட்டும்தான் பெரிதாகும். எதிரியின் உயிர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கொள்ளை. எட்டுப் பேர் சேர்ந்து ஆடினால் பூதங்களின் உயிர் தனியாக ஆடும்போது இருப்பதைப் போல நாலரை மடங்கு ஆகிவிடும். அப்போது ஆயிரக்கணக்கில் டேமேஜ் காட்டிய மந்திரமெல்லாம் கொசுக்கடி. ஸ்டேட்டிக் ஃபீல்ட் மட்டும் அதே கால் பங்கை அசராமல் எடுக்கும். எக்ஸ்பான்ஷனில் இதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். நைட்மேரில் 33 சதவீதத்துக்குக் கீழே, ஹெல்லில் 50 சதவீதத்துக்குக் கீழே அது இறங்காது. மின்னல் ஏறாத எதிரியிடமும் பலிக்காது. இருந்தாலும் ஹெல்லில் ஒரு பெரிய பூதத்தின் பாதி உயிரை மூன்று சொடுக்கில் எடுத்துத் தர ஒரு பாயின்ட்... இதைவிட மலிவாக இந்த கேமில் எதுவும் விற்கப்படவில்லை.

டெலிபோர்ட் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். டெலிகினெசிஸோடு சேர்த்து இரண்டு பாயின்ட். 18ம் லெவலில் கிடைக்கும். முதல் லெவலில் ஒரு தாவலுக்கு 24 மானா. சுவரைத் தாண்டும், ஆற்றைத் தாண்டும். மேகட் லேர் என்கிற புழுப் பொந்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அங்கே டெலிபோர்ட் உள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும் உள்ள வித்தியாசம், கூட்டமான டவுன் பஸ்சில் வாசல்பக்கம் நிற்பவருக்கும் நடுவில் மாட்டியவருக்கும் உள்ள வித்தியாசம். கூட்டாக ஆடும்போது இதன் மதிப்பு இன்னும் கூடும். வேர்ல்ட்ஸ்டோன் கீப்பில் முன்னால் தாவிப் போய் வழி கண்டுபிடித்து, மற்ற ஏழு பேரும் வர டவுன் போர்ட்டல் திறந்து வைக்கிறவளிடம் யாரும் டேமேஜ் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள்.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. "எல்லா ஸ்கில்லுக்கும் +1" என்று வருகிற பொருட்கள் ஏற்கெனவே ஒரு பாயின்ட்டாவது போட்ட ஸ்கில்லை எல்லாம் ஏற்றிவிடும். ஓகுலஸ் என்ற கோளத்தைக் கையில் எடுத்தால் மட்டும் சோர்சரஸ் ஸ்கில்களுக்கு +3. (அடி விழும்போது அதுவே அவளைக் கேட்காமல் எங்காவது தூக்கிப் போடவும் செய்யும். பாதி நேரம் தப்பிக்க வைக்கும், மீதி நேரம் பூதத்தின் மடியில் உட்கார வைக்கும் :-) ) ஆனால் சினெர்ஜிக்கு இந்தப் பொருட்கள் தருகிற லெவல் கணக்கில் வராது. கையால் போட்ட பாயின்ட் மட்டும்தான். அதாவது இருபது பாயின்ட் விழுங்கிய சினெர்ஜி ஸ்கில் அப்படியே நிற்கும். ஒரு பாயின்ட் போட்ட வார்ம்த்தும் கோல்ட் மாஸ்டரியும் நல்ல பொருள் கிடைக்கக் கிடைக்கத் தானாக வளரும். முதலே போடாமல் வட்டி வருகிற இடம் இது ஒன்றுதான்.

சரி, எடுத்தாயிற்று. உபயோகிப்பது எப்படி? இங்கேதான் கைப்பழக்கம் வேண்டும். ஃப்ரோசன் ஆர்பை ஒரு தடவை விட்டால் அடுத்ததை விட ஒரு வினாடி காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வினாடியில் சும்மா நிற்பவள் அரை மந்திரக்காரி. ஃபயர் பாலுக்குக் காத்திருப்பு கிடையாது. எனவே ஒரு ஆர்ப், உடனே இரண்டு மூன்று ஃபயர் பால், மறுபடி ஆர்ப். குளிர் எதிரியின் காலை மெதுவாக்கும், நெருப்பு அடிக்கும். பழைய பதிப்பில் ஆர்புக்கும் மீட்டியாருக்கும் ஒரே பொதுக் காத்திருப்பு இருந்தது. ஒன்றை விட்டால் மற்றதும் பூட்டிக்கொள்ளும். 2021ல் வந்த புதுப்பித்த பதிப்புக்கு 2022ல் வெளியான 2.4 பேட்ச் இந்தப் பூட்டைப் பிரித்துத் தனித்தனியாக்கிவிட்டது. இரண்டு கிளை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

டெலிபோர்ட்டிலும் ஒரு நாசூக்கு உண்டு. கூலிக்கு அமர்த்திய வீரன் அவளோடு கூடவே தாவி வருவான். கூட்டத்தின் ஓரத்தில் இறங்கினால் அவன் அடி வாங்குவான், அவள் அடிப்பாள். கூட்டத்தின் நடுவில் இறங்கினால் இருவருக்கும் சங்கு. இரண்டாம் ஆக்ட்டில் கிடைக்கிற ஈட்டிக்காரன் கையில் இன்சைட் ரூன்வேர்ட் இருந்தால் மானா கஷ்டமும் தீர்ந்தது. அதற்குப் பிறகும் எனர்ஜியில் பாயின்ட் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அதை வைட்டாலிட்டியில் போட்டிருந்தால் ஒன்றுக்கு இரண்டு உயிர் கிடைத்திருக்கும்.

ஒரே கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முழு பிளிசார்ட் வைத்தவள் ஹெல் மெஃபிஸ்டோவை அகழிக்கு இந்தப் பக்கம் நின்றே கொல்வாள். ஏன்ஷியன்ட் டனல்ஸில் சாதாரணப் பூதங்களில் குளிர் ஏறாதது எதுவும் கிடையாது. திரும்பத் திரும்ப அந்த இரண்டு இடத்துக்கும் போய்ப் பொருள் சேர்க்க அவளைப் போல வேகம் யாருக்கும் வராது. அது வியாபாரம். வியாபாரத்துக்கு அவள் சரி. ஆனால் முதல் தடவை ஆடுகிற ஒருவரிடம் அந்தப் பட்டியலை நீட்டி "இதை அப்படியே போடு" என்று சொல்வதுதான் தப்பு. அவர் இன்னும் ஊரையே பார்க்கவில்லை, அதற்குள் இரண்டு தெருவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாயிற்று.

2010ல் வந்த 1.13 பேட்ச்சுக்குப் பிறகு இந்தத் தப்பைத் திருத்திக்கொள்ளலாம். டென் ஆஃப் ஈவிலை முடித்தால் அகாரா கிழவி பாயின்ட் எல்லாவற்றையும் திருப்பித் தருவாள். கட்டத்துக்கு ஒரு தடவை, ஆக மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹெல்லில் பெரிய தலைகளைக் கொன்று நாலு விதமான சாரம் சேர்க்க வேண்டும். இந்த அளவு மிகச் சரி. பத்து வருஷம் இருந்த பழைய சட்டம் கொடுமை. 2012ல் வந்த டயாப்லோ 3ன் விசார்ட் மறு எல்லை. அங்கே பாயின்ட்டே இல்லை, நினைத்த நேரத்தில் ஆறு ஸ்கில்லையும் மாற்றிக்கொள்ளலாம். சௌகரியம்தான். ஆனால் இரண்டு விசார்ட் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் எப்படி வளர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. டயாப்லோ 4 2023ல் வெளிவந்தபோது பாயின்ட்டைத் திரும்ப எடுக்கத் தங்கம் கேட்டது, லெவல் ஏற ஏற விலையும் ஏறியது. தப்புக்கு விலை வைத்தால் பணக்காரர்கள்தான் தைரியமாகத் தப்பு செய்வார்கள்.

மூன்று என்பது தாராளமும் இல்லை, கருமித்தனமும் இல்லை. நார்மலில் கிடைக்கிறதைக் கண்டபடி செலவழித்துப் பார்க்கலாம். ஹைட்ரா மூன்று தலையோடு எப்படித் துப்புகிறது, எனர்ஜி ஷீல்டில் ஒரு அடிக்கு இரண்டு மானா போகிறதே, டெலிகினெசிஸில் பாயின்ட் கூட்டினால் அது எப்படிக் குறைகிறது என்றெல்லாம் கையாலேயே பார்க்கலாம். சரிப்படவில்லையா, அகாரா முதல் ஊரில், அதே கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள்.