ரேடியோவில் கேட்கும் ‘டக்... டக்...’

கன்னிவாடியில் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு யானையும் காட்டுப்பன்றியும் புதிதல்ல. ராத்திரிக் காவலுக்குச் சோலார் மின்வேலியை நம்புகிறவர்கள் அங்கே உண்டு.

சமீபத்தில் அப்படி ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். கயிற்றுக்கட்டிலில் பழைய ரேடியோ. மீடியம் வேவில் மதுரை வானொலி. பாட்டுக்கு நடுவே நொடிக்கு ஒரு தரம் ‘டக்... டக்...’ என்று சத்தம்.

“ரேடியோ பழசாகிப் போச்சு தம்பி. மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் போட்டேன், அதுவும் சில நேரம் சொன்ன பேச்சு கேக்கல. கேமராவுல கோடு கோடா வருது” என்று அலுத்துக்கொண்டார் பெரியவர்.

“கொடைக்கானல் பண்பலை வெச்சுப் பாருங்கய்யா” என்றேன். 100.5-ல் பாட்டு தெளிவாக வந்தது. ஆக, ரேடியோவில் கோளாறு இல்லை.

விஷயம் இதுதான். வேலியின் மின்பெட்டி, சுமார் ஒரு நொடிக்கு ஒரு முறை, சில ஆயிரம் வோல்ட் மின்துடிப்பைக் கம்பியில் அனுப்புகிறது. கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிக்காத துடிப்பு. புல்லோ கொடியோ கம்பியைத் தொட்டால், அல்லது இன்சுலேட்டர் விரிசல் விட்டால், அந்த இடத்தில் தீப்பொறி பறக்கும். தீப்பொறி என்றாலே ரேடியோ அலைதான். மார்க்கோனி ஆரம்பத்தில் செய்தி அனுப்பியதும் தீப்பொறியை வைத்துத்தான்! நீண்டு கிடக்கும் வேலிக் கம்பி ஆண்டெனா ஆகிவிடுகிறது. மீடியம் வேவில் அலையின் வலிமை ஏறி இறங்குவதுதான் ஒலி என்பதால், பொறியின் சத்தமும் கலந்துவிடும். பண்பலையில் அலைவரிசை மாறுவதுதான் ஒலி. அதனால் பாதிப்பு குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொறி பறக்கிற இடத்தில் மின்சாரம் ஒழுகுகிறது. ஒழுகினால் வேலியில் அதிர்ச்சி குறையும். அதிர்ச்சி குறைந்தால் பன்றி உள்ளே வரும். அந்த ‘டக்’ சத்தம் ஓர் எச்சரிக்கை.

ரேடியோவை எடுத்துக்கொண்டு, மீடியம் வேவில் நிலையம் எதுவும் வராத இடத்தில் முள்ளை வைத்து, கம்பியைத் தொடாமல் வேலியோரம் நடந்தோம். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று பெரிதானது. உண்ணிச்செடிக் கிளை ஒன்று கம்பியில் சாய்ந்திருந்தது. மின்பெட்டியை நிறுத்திவிட்டு வெட்டினோம். பாதிச் சத்தம் போயிற்று. மீதிக்கு ஓர் இன்சுலேட்டரை மாற்றவேண்டியிருந்தது.

உங்கள் தோட்டத்திலும் இப்படி இருந்தால், இந்த வரிசையில் பாருங்கள்:

* முதலில் வேலியைச் சுத்தம் செய்யுங்கள். சத்தம் பிறக்கிற இடத்தில் அடைப்பதுதான் மலிவான வழி.

* வேலியின் எர்த் கம்பி, வீட்டு எர்த்திலிருந்தும் மோட்டார் எர்த்திலிருந்தும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

* கேமரா ஒயர், ஸ்டார்ட்டர் ஒயரை வேலிக்கு இணையாக இழுக்காதீர்கள். கடந்தே ஆகவேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும். மிச்ச ஒயரைச் சுருட்டித் தொங்கவிடாமல் அளவாக வெட்டிக்கொள்ளுங்கள்.

* சில கம்ப்யூட்டர் ஒயர்களின் முனையில் உருண்டையாக ஒரு கட்டி இருக்குமே, அதன் பெயர் ஃபெரைட். கிளிப் போல மாட்டுகிற வகை எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். கருவிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் மாட்டினால் தேவையற்ற அலை உள்ளே போவது குறையும்.

‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். இந்தச் சிக்கலுக்கு அதனால் பயனில்லை.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். வேலிக்கு நேரடியாக வீட்டுக் கரண்டைக் கொடுப்பது உயிரோடு விளையாட்டு. யானைகளும் மனிதர்களும் அப்படித்தான் செத்திருக்கிறார்கள். மின்வேலிகளுக்கென்றே 2023-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டை ஒட்டிய தோட்டம் என்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு வேலி போடுங்கள்.

கிளம்பும்போது பெரியவர் ரேடியோவைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். “இனிமே தெனமும் சாயங்காலம் இதோட ஒரு சுத்து வந்துட வேண்டியதுதான்” என்றார்.