கைத்தொழிற் பகுதி: அவிழ்க்குமுன் எழுதுக



இத்திங்கள் புல்வெட்டும் பொறியைப் பற்றி எழுதப் புகுகிறோம். "வாடகைக் குடியிருப்பில் வாழும் நமக்குப் புல்வெளி ஏது?" என நீங்கள் நகைக்கக் கூடும். எனினும், நீரிறைக்கும் பெட்ரோல் பம்பையோ சிறு ஜெனரேட்டரையோ என்றேனும் கழற்ற நேருவோர்க்கும் இச்செய்தி பயன்படும். அன்றியும், இதில் நாம் செய்த பிழை ஒன்று உண்டு. அதனை மறைப்பது முறையன்று.

நாகபுரியில் ஜூன் மாத நடுவில் மழை பிறந்துவிட்டால், நமது சங்கத் திடலில் புல் முழங்காலளவு வளர்ந்துவிடும். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பிற்கு வரும் சிறுவர் விளையாடுவது அத்திடலிலேதான். பாம்புக்கு அஞ்சியே புல்லை வெட்டுகிறோம். இதற்கென ஏலத்தில் வாங்கிய பழைய பொறி ஒன்று உளது. அதன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் 1960-களிற் செய்யப்பெற்றது. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அது கிளம்ப மறுத்தது. நெடுநாள் தேங்கிய பெட்ரோல், கார்புரேட்டரினுள் பிசினாய்ப் படிந்திருந்தது. அதனைத் துப்புரவு செய்ய முன்வந்தோர் நாமே.

துப்புரவு அரிதன்று. முதற்கண் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி அப்பால் ஒதுக்கி வைத்தல் வேண்டும். பின் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரை எடுத்து, மிதவையையும் ஊசி வால்வையும் பிரித்துக் கழுவுதல் வேண்டும். ஜெட்டின் நுண்துளையை எஃகுக் கம்பியாற் குத்துதல் ஆகாது, துளை பெரிதாகிவிடும். காற்றடித்து ஊதுதலே நலம். இவையாவும் குறைவின்றிச் செய்தோம்.

மீண்டும் பூட்டப் புகுந்தபோதுதான் இடர் தோன்றிற்று. பாய்மீது இரு வளைந்த கம்பிகளும் இரு ஸ்பிரிங்குகளும் கிடந்தன. அவற்றை மாட்ட வேண்டிய கவர்னர் கையிலோ துளைகள் பல. எது எங்கிருந்தது என்பது நினைவில் இல்லை. அலுவலகத்தில் சீட்டில்லாத மூட்டையை ஏற்க மறுக்கும் நாம், இங்கு ஒரு சீட்டும் எழுதி வைத்தோமில்லை. அழுக்கைத் துடைக்கும்பொருட்டு அந்தக் கையையும் அதன் தண்டினின்று உருவியிருந்தோம். கண்ணுக்குப் பொருத்தமாய்த் தோன்றியவாறு மாட்டி, நட்டை இறுக்கினோம்.

கயிற்றை இழுத்ததும் எஞ்சின் கிளம்பிற்று. நாம் மகிழ்ந்த மகிழ்ச்சி இரண்டு நொடியே நிலைத்தது. அதன் ஒலி மேன்மேலும் ஏறி வீறிடலாயிற்று. எங்கிருந்தோ ஒரு கூழாங்கல் தெறித்துச் சுற்றுச்சுவரில் மோதிச் சிதறிற்று. அவ்விடத்தில் சற்றுமுன் இரு சிறுவர் நின்றிருந்தனர். நிறுத்தும் நெம்பை அழுத்திய பின்னரும் நமது கை நடுக்கம் நீங்க நெடுநேரமாயிற்று.

மறுநாள், லோகோ ஷெட்டில் பிட்டராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்துவந்து காட்டினோம். பொறியைப் பார்த்துவிட்டு, "தம்பி, மூட்டைக்கெல்லாம் சீட்டு எழுதுகிறீர்களே, இதற்கு ஏன் எழுதவில்லை?" என்றார். "தவறுதான் ஐயா," என்றோம். அவர் விளக்கியதன் சாரம் வருமாறு.

கவர்னரின் தொழில் வேகத்தைக் கட்டுக்குள் வைத்தல். எஞ்சினுள் இரு சிறு எடைகள் சுழல்கின்றன. வேகம் மிகுந்தால் அவை வெளிநோக்கி விரிந்து தண்டைத் திருப்பும்; தண்டு கையைத் தள்ளும்; கை கம்பி வழியே கார்புரேட்டரின் த்ராட்டில் தகட்டை மூடும். ஸ்பிரிங்கோ எதிர்த்திசையில் இழுத்துத் தகட்டைத் திறக்க முயலும். இவ்விரண்டின் இழுபறியிலேதான் வேகம் நிலைபெறுகிறது. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினுக்குப் பூட்டிய சுழல் குண்டுகளின் தத்துவமும் இதுவே. எஞ்சின் நின்றிருக்கையில் எடைகள் ஓய்ந்திருத்தலின், வேகநெம்பை முன்தள்ளினால் தகடு முழுதும் திறந்தே கிடக்கும். அது பிழையென மயங்கலாகாது.

நமது பொறியிலோ தண்டுக்கும் கைக்கும் இடையே ஒத்திசைவு இல்லை. எடைகள் விரிந்தும் தகடு மூடவில்லை. இத்தகைய எஞ்சின்கள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 3600 சுற்றுக்கு மேற்படாதவாறு அமைந்தவை. அவ்வேகத்திலேயே 20 அங்குல அலகின் நுனி மணிக்கு ஏறத்தாழ 345 கிலோமீட்டர் விரைகிறது. வரம்பு மீறினால் விளைவது யாதென்று கூறவேண்டுவதில்லை.

திருத்தும் முறை எளிது. கையின் நட்டைத் தளர்த்துக. த்ராட்டிலை முழுதும் திறந்த நிலையிற் பிடித்துக்கொள்க. திறக்கையில் கை எத்திசையில் நகர்ந்ததோ, அத்திசையிலேயே தண்டை முட்டும்வரை திருப்பி, அந்நிலையில் நட்டை இறுக்குக. முனை வளைந்த கம்பிகளைக் கார்புரேட்டரை முடுக்கிய பின் மாட்ட இயலாது. அதனைச் சாய்த்துப் பிடித்து முதலில் கம்பிகளை மாட்டி, பின்னரே போல்ட்டுகளைப் பூட்டுதல் வேண்டும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டலாகாது. அதன் கொக்கி தண்டிற்கு அண்மைத் துளையில் இருந்தால் கவர்னர் கூருணர்வு கொள்ளும். சேய்மைத் துளையில் இருந்தால் வேகம் ஏறும். ஆதலின் பழைய துளையே சரியான துளை. துடைத்த இடத்தில் தேய்மானத் தடத்தைக் கண்டு பெரியவர் அதனை அறிந்தார்.

முதன்முறை கிளப்புகையில் அருகில் எவரும், குறிப்பாகச் சிறுவர், நிற்றல் கூடாது. ஒரு கை நிறுத்தும் நெம்பின்மேல் இருக்கட்டும். ஒலி ஏறினால் அக்கணமே நிறுத்துக.

இவை யாவற்றிற்கும் முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கம்பியை அவிழ்க்குமுன் ஒரு படம் வரைக. அல்லது கைப்பேசியிற் படமெடுக்க. துளைகளுக்கு எண்ணிட்டுச் சீட்டுக் கட்டுக. கால் மணி நேர வேலையே அது. அறியாத பொறியை ஊகத்தாற் பூட்டுதல் துணிவன்று. பிறர் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்தலாகும்.

இன்று திடலிற் புல் ஒழுங்காய் வெட்டப்படுகிறது. பொறி வைத்திருக்கும் அறையின் கதவுக்குப் பின்புறம், பெரியவர் தம் கையால் வரைந்த கம்பிப் படம் தமிழிலும் இந்தியிலும் குறிப்புகளுடன் ஒட்டப்பட்டுள்ளது. நமக்குப் பின் வருவோர் அதனைப் பார்த்த பின்னரே ஸ்பானரை எடுப்பாராக.