சாமி பெயரால் பயந்தவர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், கோயில், திருச்சபை, ஜமாத் பொறுப்பாளர்களுக்கும், மனநல மருத்துவர்களுக்கும்:

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. தர்காவை நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டிருந்த மனநோயாளிகள் சங்கிலியில் கிடந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடைசெய்துவிட்டது. சங்கிலி படாமலே காயப்பட்டவர்கள் நாங்கள்.

பள்ளிவிட்டு வந்தால் வாசல் திறந்திருக்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது, அம்மாவைக் காணோம். கிறிஸ்துவின் இரகசிய வருகை நடந்துவிட்டது, ஆண்டவர் எல்லாரையும் எடுத்துக்கொண்டார், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று தெருவில் நின்று அலறிய பிள்ளைகள் எங்களில் உண்டு. அம்மா பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போயிருப்பார். வளர்ந்த பிறகும் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தால் நெஞ்சு படபடக்கிறது. வலிப்பு வந்ததற்குக் கோடாங்கியிடம் சாட்டையடி வாங்கியவர்கள் உண்டு. இறந்தவர் மண்ணறையில் படும் கப்ரு வேதனைக் கதைகளைக் கேட்டுத் தூக்கம் தொலைத்தவர்களும் உண்டு. இதில் எந்த மதமும் பாக்கியில்லை.

நம்பிக்கையை ஒழிக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. எங்களில் பலர் இன்றும் கும்பிடுகிறவர்கள்தான்.

மருத்துவர்களிடம் முதலில் கேட்கிறோம். "கடவுள்மேல் பாரத்தைப் போடுங்கள்" என்று எங்களை அனுப்பிவிடாதீர்கள். "அந்த மதத்தை விட்டுத் தொலையுங்கள்" என்றும் சொல்லாதீர்கள். இருப்பதா விலகுவதா என்பது எங்கள் முடிவு. கெட்ட கனவுக்கும், மூச்சடைப்புக்கும், தீராத குற்ற உணர்வுக்கும் பேச்சுச் சிகிச்சை உண்டு. அதில் பயிற்சி பெற்ற உளவியலாளர் மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். ஏர்வாடியில் மருந்தும் துவா எனும் பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்க அரசு தொடங்கிய 'தவா-துவா' முயற்சி, பேயோட்டக் கூட்டம் கூடும் கோயில்களுக்கும் ஜெபக்கூடங்களுக்கும் வர வேண்டும்.

பேயோட்டுகிறேன் என்று அடிப்பதைத் தண்டிக்கத் தனிச்சட்டம் வேண்டும். மகாராஷ்டிரம் 2013-இல் கொண்டுவந்தது, கர்நாடகம் 2017-இல் நிறைவேற்றியது. பெரியார் மண் என்று மேடைதோறும் முழங்கும் நாம் இன்னும் கொண்டுவரவில்லை.

குழந்தைமேல் நடந்த பாலியல் குற்றத்தைச் சபைக்குள்ளோ மடத்துக்குள்ளோ பேசி முடிக்காதீர்கள். தெரிந்தவர் எவராயினும் புகார் தரவேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு.

மதத்தை விட்டு விலகிப்போன பிள்ளையைப் பெற்ற தாயின் இழவுக்குக்கூட விடாமல் தடுக்கும் ஊர்க்கட்டுப்பாடும் சபைக்கட்டுப்பாடும் நிற்க வேண்டும்.

பெற்றோரே, கோயிலுக்கோ கூட்டத்துக்கோ வரமாட்டேன் என்று பிள்ளை அழுதால், பேய் பிடித்ததென்று எங்கும் இழுத்துப் போகாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.