கிட்டாருக்கு வராத பாட்டா?

கொஞ்சம் நீளமான பதிவு, கோபத்தோடு எழுதுகிறேன். திட்டுவதானால் கமெண்டில் திட்டுங்கள்.

போன மாதம் திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கல்யாண வரவேற்பு. நம்ம வீட்டுப் பையன் ஒருத்தன் கிட்டாரோடு மேடை ஏறினான். பேர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். ஒன்பது பாட்டு ஆரம்பித்தான், ஒன்றையும் முடிக்கவில்லை. பல்லவி, திரும்ப அதே பல்லவி, உடனே அடுத்த பாட்டு. முன்வரிசையில் எங்கள் பெரியம்மா, வயது எண்பத்து மூன்று, பேரையூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர், "சௌந்தரராசன் பாட்டு ஒண்ணு பாடுய்யா" என்றார். பையன் மைக்கிலேயே சிரித்துக்கொண்டு, "அதெல்லாம் கிட்டாருக்கு செட் ஆகாது அம்மாச்சி" என்றான். அவர் ஒன்றும் சொல்லாமல் பந்திக்கு எழுந்து போய்விட்டார். எந்தப் பாட்டு என்று மறுநாள் கேட்டேன். பெரியப்பா கமலை இறைக்கும்போது பாடிய பாட்டாம்.

யாரய்யா சொன்னது கிட்டாருக்கு வராது என்று? டி.எம்.எஸ். 1922ல் இதே மதுரையில் பிறந்தவர். முனிச்சாலையில் சிலை வைத்தோம், பாட்டை விட்டுவிட்டோம்.

"கிட்டார் பாட்டு" என்று நாலைந்தை யூடியூப் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. மூடுபனியில் பிரதாப் போத்தன் வாசிப்பது, பயணங்கள் முடிவதில்லை, அப்படி. அருமையான பாட்டுகள்தான். 1980ல் மூடுபனி வந்தபோது ஆசிரியப் பயிற்சி விடுதியில் ஒரு சிஸ்டரிடம் கார்டு பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்த நானும் அதற்காக விரல் தேய்த்தவள்தான். ஆனால் முகப்பு இசையை மட்டும் ஆறு மாதம் தேய்த்துவிட்டுப் பாட்டு தெரியும் என்பதா? அவற்றைப் போட்ட இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கச்சேரியில் வாசித்தவர். அன்னக்கிளி வந்தது 1976ல்தான். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்காமல் அந்த மேடைகளில் ஒரு ராத்திரி தாக்குப்பிடிக்க முடியுமா?

பத்துப் பாட்டு போதும், முழுசாக. நம் சினிமாப் பாட்டில் பெரும்பாலும் சரணம் பல்லவியைவிட மேலே ஏறும். நீங்கள் பல்லவிக்குச் சுகமான சுருதியைப் பிடிக்கிறீர்கள், சரணத்தில் தொண்டை கிழிகிறது, அதனால் சரணத்துக்கே போவதில்லை. சரணத்தின் உச்சத்தை முதலில் பாடிப் பாருங்கள், அது அடங்குகிற சுருதியை வையுங்கள். டி.எம்.எஸ். எட்டிய இடம் நமக்கு எட்டாது, இறக்கிக்கொள்ள வெட்கமென்ன? தெரிந்த கார்டு வடிவத்திலேயே வாசிக்கத்தானே கேப்போ? வயலின் கூட்டம் வாசித்த இடையிசையை ஒற்றைக் கிட்டாரில் கொண்டுவரவும் வேண்டாம். தாளம் விடாமல் நாலு சுற்று அடித்துவிட்டுச் சரணத்துக்குப் போங்கள்.

மனப்பாடப் பகுதியில் கடைசி வரியை விட்டால் நான் மார்க் குறைத்தது உங்களுக்கு மறந்திருக்காது. அன்று மேடையில் போன் திரை அணைந்தது, பையன் வாயும் அணைந்தது. இரண்டு தடவை!

"எங்க காலம் வேற டீச்சர்" என்பீர்கள். சரி, பத்தில் ஆறு உங்கள் பாட்டாகவே இருக்கட்டும். ரகுமானோ அனிருத்தோ, யாரோ. மீதி நாலு எதிரே இருப்பவர்களுக்கு.

பெரியம்மா மார்கழியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். தம்பி, அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு வா, கார்டு காட்டுகிறேன். மொத்தம் நாலுதான். இரண்டு சரணமும் வேண்டும். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.