தலைப்பும் நாற்காலியும்

வீட்டிலிருந்தே வெப்சைட் நடத்துகிறவர்களுக்கும், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி அப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள். இவற்றில் பாதி வெப்சைட்டைப் பற்றியவை. மீதி, அதை உருவாக்க நீங்கள் உட்காரும் இடத்தைப் பற்றியவை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டிலும் நான் செய்த தவறு ஒன்றுதான். அலங்காரத்தில் இறங்கினேன், அமைப்பைக் கோட்டைவிட்டேன்.

என் மைத்துனர் திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஷாப்ட், புஷ், பின் எனக் கடைந்து கொடுப்பது தொழில். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ஒன்று அரக்கோணம் மார்க்கம், மற்றது கும்மிடிப்பூண்டி மார்க்கம். ரயிலில் போவதென்றால் சென்னைக்கு வந்து வண்டி மாறவேண்டும். சாம்பிள்களைப் பையில் சுமந்து அலைவதற்குப் பதில் ஒரு வெப்சைட் இருந்தால் நல்லது என்றார். நான் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்று மாத இரவுகள் உழைத்தேன். மேலே ஓடும் எழுத்துகள், கறுப்புப் பின்னணி, நிழல் போட்ட தலைப்புகள் (அவற்றைப் படமாகவே செய்து ஒட்டியிருந்தேன்). பார்த்த உறவினர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள்.

பிறகு ஒரு தொழிற்சாலையின் பர்சேஸ் பிரிவிலிருந்து மைத்துனருக்குப் போன் வந்தது. "எத்தனை மில்லிமீட்டர் விட்டம் வரை கடைவீர்கள்? செல்போனில் தேடித் தேடிப் பார்த்தேன், உங்கள் சைட்டில் எங்கும் காணோமே" என்று கேட்டார். அந்தத் தகவல் ஐந்தாவது பத்தியின் நடுவே இருந்தது! அவர் போன் செய்வதற்குள் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. மைத்துனர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

தலைப்பு என்றால் பெரிய எழுத்து அல்ல

காரணத்தைக் காட்டிக் கொடுத்தவர் பார்வையற்ற ஒரு நண்பர். கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை அவர் பயன்படுத்துகிறார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்றவர் 2006ல் தொடங்கிய மென்பொருள் இது. இதில் எச் கீயை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். மீண்டும் அழுத்தினால் அதற்கடுத்தது. நாம் கண்ணால் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பதுபோல அவர் விரலால் பார்க்கிறார்.

என் தளத்தைத் திறந்து எச் கீயை அழுத்தினார். தலைப்பே இல்லை என்றது கம்ப்யூட்டர். "இத்தனை தலைப்பு வைத்திருக்கிறேனே!" என்றேன். "நீங்கள் வைத்தது பெரிய எழுத்து. தலைப்பு அல்ல" என்றார் நண்பர்.

அவர் சொன்னது சரிதான். எச்.டி.எம்.எல்.லில் தலைப்புக்கென்றே எச்1 முதல் எச்6 வரை ஆறு டேக்குகள் உள்ளன. பக்கத்தின் பெயருக்கு எச்1. முக்கியப் பிரிவுகளுக்கு எச்2. அவற்றின் உட்பிரிவுகளுக்கு எச்3. ஒரு பக்கத்துக்கு ஒரே ஓர் எச்1 போதும். எச்2க்குப் பிறகு எச்4க்குத் தாவாதீர்கள். எழுத்து சிறியதாக வேண்டும் என்பதற்காக எச்4ஐத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி ஆகியவற்றைக் கவனிப்பது சி.எஸ்.எஸ். 1996 டிசம்பரில் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பரிந்துரையாக வெளியிட்டதே, அமைப்பையும் அலங்காரத்தையும் தனித்தனியாக வைப்பதற்காகத்தான்.

நீங்கள் கோட் எழுதாமல் வேர்ட்பிரஸ் போன்றவற்றில் தளம் நடத்தினாலும் இதே கதைதான். வரியைத் தேர்வு செய்து போல்ட் ஆக்கி அளவைக் கூட்டாதீர்கள். ஹெடிங் என்ற வசதியைத் தேர்ந்தெடுத்து, அதில் எச்2 அல்லது எச்3 என்று கொடுங்கள். தேடுதளங்களும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தலைப்புகளைக் கவனிக்கின்றன. படமாக ஒட்டிய எழுத்து செல்போனில் சுருங்கிப்போகும். அதைக் காப்பி செய்யவும் முடியாது.

தலைப்பின் சொற்களும் முக்கியம். "எங்கள் சேவைகள்" என்று வைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. "50 மி.மீ. விட்டம் வரை ஷாப்ட் கடைதல்" என்று வைத்தால் வந்தவருக்கு விடை தலைப்பிலேயே கிடைத்துவிடும்.

தமிழுக்கு ஏற்ற உடை

ரெடிமேடாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. அவற்றில் தலைப்பை எடுப்பாகக் காட்ட எல்லாவற்றையும் கேப்பிடல் எழுத்தாக்குவார்கள். தமிழில் கேப்பிடல் ஏது? அந்தக் கட்டளையால் ஒரு மாற்றமும் நிகழாது. இட்டாலிக் போட்டால் நம் எழுத்துகள் வலுக்கட்டாயமாகச் சாய்க்கப்பட்டு அசிங்கமாகத் தெரியும். அடிக்கோடு இட்டால் கு, மு, து போன்றவற்றின் கீழ்ச்சுழியை வெட்டிக்கொண்டு போகும். எனவே தமிழ்த் தலைப்புக்கு அளவு, நிறம், மேலும் கீழும் தாராளமான இடைவெளி ஆகிய மூன்றை மட்டும் நம்புங்கள்.

வரிகளுக்கு இடையிலான உயரத்தை 1.6 என வையுங்கள். நெருக்கினால் மேல் வரியின் கூவும் கீழ் வரியின் கீயும் முட்டிக்கொள்ளும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. எழுதுவதை யுனிகோடில் மட்டும் எழுதுங்கள். 2010ல் தமிழக அரசே யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த விலைப்பட்டியல் இருந்தால் கன்வெர்ட்டர் மூலம் மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

இனி நாற்காலிக்கு வருவோம்

அந்த மூன்று மாதமும் நான் உட்கார்ந்தது பிளாஸ்டிக் நாற்காலியில். லேப்டாப் இருந்தது சாப்பாட்டு மேஜையில். முதலில் கழுத்து வலித்தது. பிறகு காலையில் எழும்போது வலது கை விரல்கள் மரத்துப்போயின. பேனா பிடிக்க முடியாத நாள் ஒன்று வந்தபோதுதான் பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "எப்படி உட்காருகிறீர்கள்? உட்கார்ந்து காட்டுங்கள்."

சாப்பாட்டு மேஜை பொதுவாக 75 செ.மீ. உயரம் இருக்கும். சாப்பிட அது சரி. டைப் செய்யப் பலருக்கு உயரம் அதிகம். தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும். கீபோர்டு உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்கவேண்டும். அதற்கு நாற்காலியில் கெட்டியான தலையணை போட்டு உயருங்கள். கால் தரையில் படாவிட்டால் ஒரு பலகையை வையுங்கள்.

மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். தூரம், கையை நீட்டினால் விரல் தொடும் அளவு. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால் ஒன்றைச் சரியாக வைத்தால் மற்றது கெடும். பழைய புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை உயர்த்துங்கள். தனி கீபோர்டும் மவுசும் வாங்கி இணையுங்கள். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள்.

விலை உயர்ந்த நாற்காலி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். உயரங்கள் தப்பாக இருந்தால் அதிலும் வலிக்கும். விலை கொடுத்து வாங்கிய டெம்ப்ளேட்டில் தலைப்பு இல்லாத பக்கம் எப்படியோ, அப்படித்தான் இதுவும். வெப்சைட் சொல்லிக்கொடுப்பவர்கள் வண்ணத்தையும் அனிமேஷனையும் முதல் வகுப்பில் வைக்காமல், தலைப்புகளை வரிசைப்படுத்துவதையும் சரியாக உட்காருவதையும் அங்கே வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

மைத்துனரின் தளத்தை இப்போது மாற்றிவிட்டேன். வெள்ளைப் பின்னணி, ஏழு தலைப்புகள், ஓடும் எழுத்து இல்லை. நண்பர் நான்கு முறை எச் அழுத்தி விட்ட அளவைக் கண்டுபிடித்தார். விரல்களில் இன்னும் சில நாள் மரமரப்பு இருக்கிறது.

இன்று இரவே நீங்கள் இரண்டு சோதனைகள் செய்யலாம். உங்கள் தளத்தைச் செல்போனில் திறந்து தலைப்புகளை மட்டும் படியுங்கள். என்ன விற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்படித் தொடர்புகொள்வது என்பது புரிகிறதா? அடுத்து, நீங்கள் வேலையில் மூழ்கியிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கும்படி வீட்டில் சொல்லிவையுங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை. நான் இரண்டையும் மூன்று மாதம் தாமதமாகச் செய்தேன்.