பெட்டியின்றி முழக்கமில்லை

வீட்டுத் திரையரங்குக்குச் சப்வூபர் எனும் தாழொலிப் பெட்டியைத் தாமே செய்ய விழையும் சுன்னாகத்து இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். காசையெல்லாம் ஒலிபெருக்கிக் கூம்பிலே கொட்டிவிட்டுப் பெட்டியைப் பழம்பலகையால் ஒப்பேற்றுதல் தகாது. தவிலுக்குப் பேர்போன இணுவில் நமக்கு அயலூரன்றோ! பலாமரத்திற் குடைந்த உடலின்றித் தோல் மாத்திரம் முழங்குமோ?

கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போதே பின்னே இழுக்கின்றது. விநாடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 8.6 மீற்றர், அத்துணை நெடிய அலை கூம்பின் விளிம்பைச் சுற்றிவந்து எதிரலையோடு கலந்து மடியும். பெட்டியே அதனைத் தடுக்கின்றது. குழாய் பொருத்திய பெட்டிக்கு 1961இல் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் வகுத்த கணக்கு உண்டு. புதியவர்க்கு மூடிய பெட்டியே எளிது. தடித்த பலகையிட்டு, உள்ளே குறுக்குச் சட்டம் பொருத்தி, மூட்டுகளைப் பசையால் அடைத்தபின் கூம்பை விரலால் மெல்ல அழுத்தி விடுக. தயங்கி மீளின் நன்று. சட்டென மீளின் எங்கோ காற்றுக் கசிகின்றது.